புழல் முகாமிலிருந்து எந்த வழி? போவதா, இருப்பதா, குடியுரிமை கேட்பதா

இலங்கைத் தமிழர் வாழும் புழல் காவாங்கரை முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு ஒன்றுதான்: ஊருக்குப் போய்விடலாமா, இங்கேயே இருந்து குடியுரிமைக்கு மனுப் போடலாமா? குடும்பம் முழுக்க ஒரே முடிவு எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்குவதால்தான் அது முடியாமல் இழுக்கிறது. சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. ஆளைப் பார்க்கிறது, அந்த ஆள் எந்தத் தேதியில், எந்த மண்ணில், யாருக்குப் பிறந்தார் என்று பார்க்கிறது. ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சரியான வழி தம்பிக்குச் சரிப்படாமல் போகலாம். அண்ணன் வாங்கக் கூடாத ஒரு தாளைத் தம்பி உடனே வாங்கியாக வேண்டியிருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். தாயும் தகப்பனும் 1984இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். மூத்த மகன் 1986இல் மண்டபத்தில் பிறந்தார். இளையவர் 1991இல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தார். இருவருக்கும் முகாமிலேயே கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் முகாம் அட்டை உண்டு, ஆதார் உண்டு. பெற்றோர், அண்ணன், தம்பி, பிள்ளைகள் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு விதமானவர்கள்.

சட்டம் இவர்களை என்ன பெயரால் அழைக்கிறது

1983 ஜூலை கலவரத்துக்குப் பின் தொடங்கி 2012 வரை 3,04,269 பேர் இலங்கையிலிருந்து வந்ததாக மத்திய அரசின் கணக்கு. 'அகதி' என்ற சொல் நம் வாயில் இருக்கிறதே தவிர, இந்தியச் சட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1967 நெறிமுறையிலும் இல்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம் 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தபோது, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் எல்லாரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஒரே பெட்டியில் போட்டது. குண்டுக்குப் பயந்து தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கிய தாய்க்கும் அதே பெயர்தான். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்த தமிழர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

தமிழ்நாடு அரசு 2021இல் 'அகதி முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மாதப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவருக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500 ரூபாய் என்று உயர்த்தியது. வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. இவை நல்ல காரியங்கள். ஆனால் குடியுரிமை தருவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநிலம் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

முதல் வேலை: பிறந்த தேதியை வைத்துப் பிரிப்பது

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் மூன்று தேதிக்கோடுகளால் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அவர் யாரிடமும் குடியுரிமை 'கேட்க' வேண்டியதில்லை. இருப்பதை ஒப்புக்கொள்ளச் சொல்ல வேண்டும். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையில் வராதவராகவும் இருக்க வேண்டும்.

ஆக, 1986இல் மண்டபத்தில் பிறந்த அண்ணன் இந்தியர். 1991இல் ராயபுரத்தில் பிறந்த தம்பி இந்தியர் அல்லர். அண்ணன் மனைவியும் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவராக இருந்தால், 2008இல் பிறந்த அவர்கள் மகளும் இந்தியர். மனைவி நான்கு வயதில் படகேறி வந்தவராக இருந்தால், மகளுக்கு அந்த உரிமை கிடைக்காது. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிய முகாம் இளைஞர்கள் புழலைச் சுற்றி நிறையப் பேர். 'அம்மா வியாசர்பாடிக்காரி, பிள்ளைக்கு என்ன பிரச்சினை' என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த பிள்ளையென்றால் பிரச்சினை உண்டு. தகப்பன் படகில் வந்தவரா, இங்கே பிறந்தவரா என்பதுதான் அங்கே முடிவு செய்யும்.

இன்னொரு பிரிவு, இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இங்கிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவர்களில் பலருக்குக் கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் கொடுக்கப்பட்டன. தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றுபோனது. கையில் இந்தியத் தாளோடு அங்கே சிக்கிய சிலர் பிறகு கலவரத்துக்குப் பயந்து படகில் வந்து, 'இலங்கை அகதி' என்று முகாமில் பதிவாகிவிட்டார்கள். பாட்டியின் தகரப்பெட்டியைக் கிளறிப் பாருங்கள். கண்டி முத்திரையிட்ட ஒரு பழைய தாள் கிடைத்தால், அந்தக் குடும்பத்தின் வழக்கே வேறு.

வழி ஒன்று: பிறப்பால் வந்த குடியுரிமையை நிலைநாட்டுதல்

1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியர் என்று சொல்லிக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

தேவைப்படும் முதல் தாள் பிறப்புச் சான்று. மாநகராட்சி எல்லைக்குள் மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவு பெரும்பாலும் இருக்கும். பெயர் சேர்க்காமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் கிடக்கும், அதைச் சேர்க்க வேண்டும். முகாமிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தவருக்குப் பதிவே இருக்காது. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய, முதலில் பதிவு இல்லை என்ற சான்று வாங்கி, பிறகு கோட்டாட்சியரிடம் மனுச் செய்து ஆணை பெற வேண்டும். முகாமின் பழைய பதிவேட்டில் குடும்பத்தில் ஓர் ஆள் கூடிய தேதி, தடுப்பூசி அட்டை, முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவு ஆகிய மூன்றும் ஒரே தேதியைச் சொன்னால் ஆணை கிடைப்பது எளிது. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருந்தால் இங்கேதான் மாட்டும். 1987 மே, 1987 ஆகஸ்ட் என்று இரண்டு தாளில் இரண்டு தேதி இருந்தால் அதிகாரி பின்னதையே எடுத்துக்கொள்வார் என்று எதிர்பாருங்கள்.

வடசென்னைக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு: மாவட்டப் பெயர். புழல் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம், பிறகு திருவள்ளூர், மாதவரம் வட்டம் 2018இல் சேர்ந்த பிறகு சென்னை. ஒரே கதவு எண்ணுக்கு மூன்று மாவட்டம் மூன்று தாளில் இருக்கும். விண்ணப்பத்தோடு இதை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை முன்கூட்டியே வையுங்கள். சரிபார்க்க வரும் போலீஸ்காரர் 'முகவரி ஒத்துப்போகவில்லை' என்று எழுதிவிட்டால் ஆறு மாதம் போய்விடும்.

சான்று கையில் வந்தபின் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகாமில் பதிவு இருப்பதை மறைக்கக் கூடாது. விண்ணப்பத்திலேயே சொல்லி, பிறந்த தேதியின் அடிப்படையில் இந்தியர் என்று எழுத வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டுச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அதுவும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்ட உதவிக் குழு இருக்கிறது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 'குடிமகன்' என்று சொல்லாமல் 'வழக்குத் தொடரும் ஒவ்வொருவரும்' என்றுதான் சொல்கிறது; பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பும் கிடையாது. ஆகவே மனைவிக்கோ மகளுக்கோ வழக்கு என்றால் வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம்.

ஒரு தாள் எங்கே என்று தெரியாதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். முகாம் முகவரியிலிருந்து போட்டால் திருப்பிவிட இடமுண்டு. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் பெயரில் பத்து ரூபாய் கட்டணத்தோடு போடுவது உத்தமம்.

பெரும் கேட்டைத் தரும் ஒரே தாள்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். பிறப்பால் இந்தியரான ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கியதே அதற்கு முடிவான சான்று என்று விதிகள் சொல்கின்றன.

முகாம்களில் நடப்பது என்ன? 'எதற்கும் ஒரு சிலோன் பாஸ்போர்ட் எடுத்து வை' என்று சொந்தக்காரர் சொல்வார். 1986இல் பிறந்த அண்ணனும் 1991இல் பிறந்த தம்பியும் சேர்ந்தே நுங்கம்பாக்கத்தில் இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போவார்கள். தம்பிக்கு அது நல்லது: இந்தியரும் அல்லாமல் இலங்கையரும் அல்லாமல் நாடற்றவராக நிற்கும் ஆபத்து நீங்கும். அண்ணனுக்கு அதே கையெழுத்து, பிறந்த அன்றே கிடைத்த இந்தியக் குடியுரிமையைத் தொலைக்கும் கையெழுத்து ஆகும். ஒரே பேருந்தில் போய், ஒரே வரிசையில் நின்று, ஒரே படிவத்தை நிரப்பி, ஒருவர் வாழ்வார், மற்றவர் இழப்பார். ஆகவே தேதிக்கோட்டுப் பிரிவை முடிக்கும் முன் தூதரகத்தின் படி ஏறாதீர்கள். பெற்றோர் சிறு வயதிலேயே பதிந்து வைத்திருந்தால் அது வேறு. அங்கே 'தானாக விரும்பி' என்பதை வாதாட இடமுண்டு. ஆனாலும் அதை வக்கீலிடம் சொல்லாமல் மறைக்கக் கூடாது.

வழி இரண்டு: குடியுரிமைக்கு விண்ணப்பித்தல்

1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கும் படகில் வந்தவர்களுக்கும் சட்டத்தில் இரண்டு கதவுகள் தெரிகின்றன. ஒன்று, 5ஆவது பிரிவின் பதிவு: இந்திய வம்சாவளியினராகவோ இந்தியரை மணந்தவராகவோ இருந்து ஏழாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மற்றது, 6ஆவது பிரிவின் இயல்புரிமை: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் 11 ஆண்டும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழியொன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் முகாமில் எவரும் தோற்கமாட்டார்கள். இரண்டு கதவிலும் தொங்கும் பலகைதான் தடை: 'சட்டவிரோதக் குடியேறிக்கு இல்லை.'

மலையகக் குடும்பங்கள் 5ஆவது பிரிவில் வைக்கும் நம்பிக்கைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்திய மண்ணில் பிறந்திருந்தால்தான் 'இந்திய வம்சாவளி.' தாத்தா துறையூர்க்காரர், அப்பா நுவரெலியாவில் பிறந்தவர் என்றால் சட்டத்தின் கணக்கில் அது சேராது. ஆனாலும் 2019 ஜூன் 17இல் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் விண்ணப்பித்தால் மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகல் இல்லாமல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டாம்.

இங்கே பிறந்த தலைமுறைக்கு எங்கள் பார்வையில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. சட்டம் 'இந்தியாவுக்குள் நுழைந்த' வெளிநாட்டவரைத்தான் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தது? 1993இல் திருச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022 அக்டோபரில் மதுரைக் கிளை, அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர் என்பதைக் கருத்தில் கொண்டு, விண்ணப்பத்தை மத்திய அரசுக்கு அனுப்பி முடிவெடுக்கச் சொன்னது. தம்பிக்குச் சரியான படிகள் ஆகவே இவை: முதலில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமைச் சான்று, பிறகு இங்கே இயல்புரிமைக்கு இணையவழி விண்ணப்பம், நன்னடத்தைக்கு இரண்டு இந்தியர்களின் உறுதிமொழிப் பத்திரம், மொழி அறிவுக்குப் பள்ளிச் சான்று, எல்லாவற்றின் அச்சுப் பிரதியும் ஆட்சியர் அலுவலகத்தில். ஆட்சியரிடமிருந்து மாநிலத்துக்கும் அங்கிருந்து மத்திய உள்துறைக்கும் போகும். வாங்கிக்கொள்ள மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அந்த அட்டைதான் அடிப்படை.

இந்த வழி மெதுவானது, முடிவு உறுதியில்லை. ஆனால் விண்ணப்பித்ததால் எதையும் இழப்பதில்லை. முகாம் பதிவு, பணக்கொடை, பிள்ளையின் கல்லூரி எதுவும் போகாது. முகாமின் மாதத் தணிக்கைக்கு வராமல் இருந்தால்தான் பெயர் நீக்கப்படும்.

குறுக்குவழி வேண்டாம். தரகர் பிடித்து வாக்காளர் அட்டையும், அதை வைத்துக் கடவுச்சீட்டும் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், போலிக் கடவுச்சீட்டுக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு சிறையும் ஒன்று முதல் பத்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, நியாயமான விண்ணப்பத்துக்குத் தேவையான நன்னடத்தை அங்கேயே அழிந்துபோவது.

வழி மூன்று: இலங்கைக்குத் திரும்புதல்

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் மூலம் விருப்பத்தின் பேரில் திரும்பலாம். விருப்பம் உண்மையா என்று தனியாக அழைத்துக் கேட்பார்கள். பெண்களிடம் கணவர் இல்லாமல் கேட்பார்கள். கேட்காமல் யாரையும் அனுப்ப முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். விமானச் சீட்டும் சிறு உதவித்தொகையும் ஆணையம் தரும். கண்ணகி சிலை அருகில் எழிலகத்தில் இருக்கும் மறுவாழ்வுத் துறையின் ஒப்புதல், தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு தரும் 'வழக்கில்லை' என்ற அறிக்கை, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேற்ற அனுமதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விமானம் ஏறலாம். முகாமில் பிறந்த ஒரு பிள்ளைக்குத் தூதரகப் பதிவு இல்லாவிட்டாலும் குடும்பமே நிற்கும். ஆகவே பிள்ளைகளின் தாள்களை முதலில் முடியுங்கள்.

அதில் அடிக்கடி மாட்டுவது பெயர். இலங்கைச் சான்றில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். இங்கே ஆதாரில் தலையெழுத்து ஒன்று மட்டும் இருக்கும். முகாம் அட்டையில் எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். மூன்றும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் நோட்டரி கையெழுத்தோடு தேவைப்படும். பெற்றோரின் சான்று தொலைந்திருந்தால் அங்குள்ள உறவினர் மூலம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பிரதி எடுக்கலாம். பதிவேடே எரிந்துபோன இடங்களில் உத்தேச வயதுச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும்.

போனபின் வரும் சிக்கல்களில் நிலம் முதலாவது. பிறர் பத்தாண்டுக்கு மேல் இடையூறின்றி அனுபவித்த காணிக்கு அந்நாட்டுச் சட்டத்தில் உரிமை கோர முடியும். 1990இல் விட்டு வந்த வளவில் இன்று யார் இருக்கிறார்கள், அது பத்திரம் உள்ள உறுதிக் காணியா, அரசு பெர்மிட் காணியா, இராணுவத்தின் கையில் இருக்கிறதா என்பதைக் கிராம அலுவலர் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் முகாம் வீட்டுச் சாவியைக் கொடுங்கள். இரண்டாவது, கைதாகும் ஆபத்து. அங்கீகரித்த துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போனது இலங்கைக் குடிவரவுச் சட்டத்தில் குற்றம். 2025 மே மாதம் ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு முதியவர் இதன் பேரில் கைது செய்யப்பட்டார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய நிலை என்ன என்பதை ஆணையத்திடமும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

எங்கள் மதிப்பீடு: ஊரில் காணியும் உறவும் இருக்கிற, இங்கே பிறப்பால் உரிமை இல்லாத, அறுபது கடந்த தம்பதிக்கு இது நல்ல வழி. பிளஸ் டூவில் இருக்கும் பிள்ளையோடு போவது சரியில்லை, படிப்பு முடியட்டும். 1986இல் பிறந்த அண்ணன் இந்த வழியில் போகவே கூடாது. போனால் இந்தியராகத் திரும்பும் கதவைத் தானே சாத்துகிறார். குடும்பமாகப் போவதற்கு முன் ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பார்கள். வெளியேற்ற அனுமதியில் போனவர் திரும்பி வந்தால் சுற்றுலா விசாக்காரர். முகாம் பதிவு மீளாது. போகிறவர் நிரந்தரமாகப் போகத் துணிந்தவராக இருக்க வேண்டும்.

இப்படியே இருப்பது

கணவன், மனைவி, இரு சிறு பிள்ளைகள் என்றால் மாதப் பணக்கொடை 3,500 ரூபாய். மற்றது பெயின்ட் வேலையும் கும்மிடிப்பூண்டி சிப்காட் கூலியும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது கடவுச்சீட்டு, விசா இல்லை என்பதற்காகப் புதிய சட்டத்தின் தண்டனை பாயாது. அந்தச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டுச் சிறை வரை உண்டு என்பதால் இது பெரிய நிம்மதி. ஆனால் ஆணை தண்டனையிலிருந்து காக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் பலகையை அது கழற்றவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களுக்கு இந்தக் காப்பும் இல்லை. பதிவுத் தாளின் தேதி இனி உயிர். அசலை லேமினேட் செய்து கெடுக்காமல் மூன்று பிரதி எடுத்து வையுங்கள்.

கடல்வழி

இதை ஒரு வழியாகவே நாங்கள் எண்ணவில்லை. ஆனாலும் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஏஜென்ட் பேச்சு காதில் விழுகிறது என்பதால் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா 2013 ஜூலை முதல் படகில் வருவோரைத் தன் மண்ணில் குடியமர்த்துவதில்லை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து போன 157 தமிழர்களைக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே கப்பலில் அடைத்து வைத்து, பிறகு நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அதைச் சரி என்றது. 2021 அக்டோபரில் கனடா போகிறோம் என்று கிளம்பிய படகு பழுதாகி, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியாகோ கார்சியா தீவில் ஒதுங்கியது. அங்கே கூடாரங்களில் மூன்றாண்டு அடைபட்டுக் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் சொன்னது. கரையிலேயே பிடிபட்டால் கியூ பிரிவு வழக்கு, திருச்சி சிறப்பு முகாம், கொடுத்த லட்சங்கள் போனது போனதுதான். வழக்கு இருப்பதால் முதல் மூன்று வழிகளும் அடைபடும்.

அரசுகள் முன்னிருக்கும் தேர்வு

மேலே சொன்னவை முகாம்வாசி எடுக்கும் முடிவுகள். டெல்லி எடுக்க வேண்டிய முடிவும் ஒன்று இருக்கிறது. அதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. ஜெர்மனியில் வெளியேற்ற முடியாமலும் உரிமை இல்லாமலும் ஆண்டுக்கணக்கில் 'பொறுத்துக்கொள்ளப்பட்டு' வாழ்ந்தவர்களுக்காக 2022 இறுதியில் ஒரு சட்டம் வந்தது: 2022 அக்டோபர் 31 அன்று ஐந்தாண்டு முடித்திருந்தால் 18 மாத வசிப்புரிமை, அதற்குள் வேலை, மொழி, அடையாளத் தாள் காட்டினால் நிலையான உரிமை. கொலம்பியா 2021இல் வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்களுக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு கொடுத்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்த 2018 ஐ.நா. குடிபெயர்வு உடன்பாடும், அடைத்து வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான பாடத்தை இலங்கையே நடத்திக்காட்டியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழும் நாடற்ற மலையகத் தமிழருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 2003இல் 35ஆம் எண் சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு நடந்த பத்து நாள் முகாமில் 1,90,000 பேர் குடிமக்கள் ஆனார்கள். ஓர் அறிவிப்புப் படிவம், ஒரு கையெழுத்து. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லையைக் காப்பதும் உள்ளே இருப்பவரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று வாதிடுபவர்கள் முகாம் பதிவேட்டைப் பார்க்கட்டும். நாற்பது ஆண்டாக மாதந்தோறும் தணிக்கை செய்யப்பட்டு, கைரேகை கொடுத்து, கியூ பிரிவுக்கு ஆளடையாளம் தெரிந்த இவர்களைவிட நன்றாகச் சரிபார்க்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? குடியுரிமை இல்லாவிட்டாலும் உயிரும் சமத்துவமும் அரசியல் சட்டத்தின் 21, 14 பிரிவுகளால் 'ஆள்' ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் சக்மா மக்கள் வழக்கில் 1996இலேயே சொல்லிவிட்டது. முகாமில் பிறந்தவர்களுக்காவது பதிவேட்டை ஆதாரமாக வைத்து ஒரே அறிவிக்கையில் கதவைத் திறக்கலாம்.

அது வரும்வரை இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை: ஒரு தாளில் வீட்டார் எல்லாருடைய பெயரையும், பிறந்த தேதியையும், இடத்தையும், தாய் தந்தை பிறந்த இடத்தையும், இதுவரை எந்தத் தூதரகத்தில் எதில் கையெழுத்திட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பவர், வக்கீலைப் பார்க்கும்வரை, நுங்கம்பாக்கத்தில் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.